பன்னிரண்டு மணி வரைக்கும்

ஸ்கேன் முடிந்து வெளியே வந்து அந்த நீல நாற்காலியில் உட்கார்ந்ததிலிருந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை என்று உலகம்மை ஒரு தீர்மானம் எடுத்திருந்தாள். தீர்மானம் எடுத்த பிறகு ஆறாவது தடவையாகப் பார்த்தபோது மணி பத்து பன்னிரண்டு. பன்னிரண்டு மணி ஆவதற்கு இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. ஆனால் என்ன, ஆகாயமா திறக்கப்போகிறது, வாயைத் திறக்கலாம், அவ்வளவுதான். முந்தின ராத்திரி எட்டு மணிக்கு மூடிய வாயை மறுநாள் பகல் பன்னிரண்டுக்குத்தான் திறக்க வேண்டும், நடுவில் பதினாறு மணி நேரம், இரண்டு மாதமாக இதுதான் அவளுக்கு விதித்தது. அண்ணன் குற்றாலநாதனின் ஈரல் சுருங்கிப்போய்விட்டது. குடித்துக் கெட்ட ஈரல் இல்லை, அவன் வாயில் ஒரு சொட்டு பட்டதில்லை. தென்காசியில் அதை நம்புவதற்கு ஆளில்லை, அது வேறு கதை. மதினியின் ரத்தம் அவனுக்குச் சேரவில்லை. மகனுக்குப் பதினேழு வயது, பதினெட்டு ஆகாமல் தொட மாட்டார்கள். மிச்சம் உலகம்மைதான். ரத்தம் சேர்ந்தது, நாற்பத்தாறு வயதும் பரவாயில்லை என்றார்கள், இருதயம் நன்றாக இருக்கிறது என்றார்கள், எல்லாம் கூடிவந்த பிறகு அவள் ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறது என்றார்கள். இருபத்திரண்டு சதவீதம். இதைப் பத்துக்குக் கீழே கொண்டுவாருங்கள், உடம்பில் ஏழு கிலோ குறையுங்கள், உங்கள் ஈரலில் ஒரு பாகத்தை எடுத்து அண்ணனுக்கு வைத்துவிடலாம், இரண்டு மாதம் தருகிறேன், அதற்கு மேல் அவருக்குத் தாங்காது என்று பெரிய டாக்டர் சொன்னார். அந்த இரண்டு மாதம் இன்றைக்கு முடிகிறது. இந்த மதுரை ஆஸ்பத்திரியின் ஏதோ ஒரு அறையில் ஏதோ ஒரு கம்ப்யூட்டரில் அவளுடைய ஈரல் இப்போது கறுப்பு வெள்ளையாகப் படுத்துக் கிடக்கிறது. அது என்ன சொல்லும் என்று இந்த உலகத்தில் முன்கூட்டியே தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

பக்கத்து நாற்காலியில் ஒரு காகிதக் கோப்பையில் காபி இருந்தது. தாணு வாங்கிவந்து வைத்தது. தாணு அவள் கணவன்; மின்வாரியத்தில் வேலை பார்த்துப் பார்த்து, வாய்க்கும் ஒரு மீட்டர் ஓடுகிறது என்று பயப்படுகிறவனைப் போல அளந்துதான் பேசுவான். ஸ்கேன்தான் முடிந்துவிட்டதே என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டு, காரை நிறுத்திய இடத்தைப் பார்த்துவருவதாகப் போய்விட்டான். நடைபாதையின் அந்தக் கோடியில் ரத்தம் எடுக்கும் அறைக்கு வெளியே அண்ணன் சக்கர நாற்காலியில் இருந்தான், பின்னால் மதினி செண்பகவல்லி நின்றுகொண்டிருந்தாள். மதினி திரும்பினால் கோப்பை தெரியும். உலகம்மை தன் பையைத் தூக்கிக் கோப்பைக்கு முன்னால் வைத்தாள். வைத்துவிட்டு, பையை வைத்தால் மறைப்பது போல இருக்குமே என்று எடுத்தாள். எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். காபி வாசனைக்கு இதெல்லாம் தெரிகிறதா, அது பாட்டுக்குப் பையைச் சுற்றிக்கொண்டு வந்தது. காபி என்ன சாப்பாடா? அவள் பிறந்து வளர்ந்த தெருவில் யாரையாவது காலை பத்து மணிக்குச் சாப்பிட்டாச்சா என்று கேட்டால், நாலு தோசையை உள்ளே தள்ளிவிட்டு, இன்னும் இல்லை, பலகாரம்தான் ஆச்சு என்பார்கள். சோறு விழுந்தால்தான் சாப்பாடு. தோசைக்கே அந்தக் கதி என்றால் காபிக்கு என்ன இடம்? சஷ்டிக்கு அம்மா ஆறு நாளும் ஒரு பருக்கை தொடாமல் இருப்பாள், ஒரு நாளைக்கு ஏழு காபி குடிப்பாள், விரதம் ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது என்று முருகனுக்கே தெரிந்திருந்தது. டாக்டர் சொன்ன பதினாறு மணி நேரத்தையும் வீட்டுக்கு வரும் வழியிலேயே எல்லோரும் விரதம் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். உலகுக்கு விரதம், உலகு விரதம் இருக்கா. அந்த வார்த்தை வந்ததுமே காபியும் கூடவே வந்துவிட்டது, யாரும் அழைக்காமல். முதல் நாள் காலை ஐந்தரை மணிக்குத் தாணு எப்போதும்போலக் காபி போட்டு எடுத்துவந்தான், இருபத்திரண்டு வருஷமாகக் காலைக் காபி அவன் பொறுப்பு. இன்றைக்கிலிருந்து கிடையாதுல்லா என்று அவள் சொன்னாள். அவன் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றான். "காபிதான?" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அவள் கை நீண்டு வாங்கிக்கொண்டது. ஆமாம், காபிதானே.

ஆனால் அந்தக் கேள்வி. அதற்கு வந்த பதில் அவள் காதில் விழுந்ததா, விழவில்லையா. இரண்டு மாதமாக அவள் புத்தி சுற்றிச் சுற்றி அந்த ஒரு நிமிஷத்தில் போய்த்தான் மாட்டிக்கொள்கிறது. டயட்டீஷியன் அறை. வட்டமாக ஒரு கடிகாரம் வரைந்து பாதிக்கு மேல் பேனாவால் நிழல் அடித்துக்கொண்டிருந்தாள் அந்தப் பெண். உலகம்மை எடை பார்க்கும் மிஷின் மேல் நின்றாள், ஒரு செருப்பைக் கழற்றியிருந்தாள், மறு செருப்பின் வார் விரலில் மாட்டிக்கொண்டு கழல மாட்டேன் என்றது, குனிந்தால் முள் ஆடுகிறது, நிமிர்ந்தால் செருப்பு ஆடுகிறது, அப்போதுதான் மதினி அந்தப் பெண்ணிடம் கேட்டாள், காபி குடிக்கலாமா என்று. அந்தப் பெண் பதில் சொன்னாள். பாலும் சீனியும் போட்டால் கூடாது என்று சொன்னாள். இப்போது நினைத்துப் பார்த்தால் அந்தக் குரல்கூடக் கேட்கிறது, கொஞ்சம் ஜலதோஷம் பிடித்த குரல். அப்படியானால் கேட்டிருக்கிறாள். இல்லை, பிறகு அந்தத் தாளில் படித்ததை அந்தக் குரலில் வைத்துக் கேட்டுக்கொள்கிறாளோ என்னவோ. செருப்பைத்தானே பார்த்துக்கொண்டிருந்தாள். செருப்பைப் பார்க்கிற காதுக்கு ஏன் கேட்காது? சரி, கேட்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம், முதல் வாரம் தெரியாமல் குடித்தாள், அதை எந்தக் கோர்ட்டும் ஒத்துக்கொள்ளும். இரண்டாவது வாரம் பஸ்ஸில் அந்தத் தாளை எடுத்துப் படித்தாளே. தமிழில்தான் அச்சடித்திருந்தது. பால், சர்க்கரை சேர்த்த காபி, டீ, பழச்சாறு எதுவும் கூடாது. படித்தாள், நாலாக மடித்தாள், பையின் உள் அறையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். மறுநாள் காலை தாணு டம்ளரோடு வந்தபோது அவளுக்கு அந்தத் தாள் ஞாபகம் வந்தது, நன்றாக வந்தது. வாங்கிக் குடித்தாள்.

ஒரு சொட்டு என்றால் என்னவென்று தெரியாத பெண்ணாக இருந்தால் பரவாயில்லை. உலகம்மை பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் லேப் அசிஸ்டென்ட். பத்தொன்பது வருஷமாகப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம், ஒரே சொட்டு கூடினாலும் நிறம் மாறிப்போகும்ட்டி, கண்ணை எடுக்காம பாரு என்று சொல்லி வருகிறவள். ரசாயனத் தராசில் ஒரு காகிதத் துண்டை வைத்து அதன் எடையைக்கூடச் சொல்வாள். அந்த லேபில்தான் பத்தே முக்கால் இடைவேளைக்கு டீச்சர்மார் ஏழெட்டுப் பேர் காபி குடிக்க வருவார்கள், பர்னரில் பால் காய்ச்சுவது அவள் வேலை, அது எந்த அரசாணையிலும் இல்லாத வேலை. மூன்றாவது வாரம் மூன்று நாள் அவள் ஒழுங்காக இருந்தாள். அதையும் சொல்ல வேண்டும். தாணுவிடம் வேண்டாம் என்று சொல்லி, லேபில் மற்றவர்களுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு, வெந்நீரைக் குடித்துக்கொண்டு நின்றாள். தலைக்குள் யாரோ அம்மி கொத்தினார்கள். கையிலிருந்து ஒரு பிப்பெட் நழுவி உடைந்தது. நாலாவது நாள் இயற்பியல் டீச்சர் ஹெப்சிபா, மகளுக்குப் பிறந்த நாள் என்று தூக்குவாளி நிறைய உளுந்தவடை கொண்டுவந்தாள். அண்ணனுக்காக உலகு விரதம் இருக்கிற செய்தி பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும், காலை ஜெபத்தில் ஒருநாள் ஹெட்மிஸ்ட்ரஸ் பேரைச் சொல்லியே பிரார்த்தனை செய்தார்கள், அதனால் எல்லோரும் எடுத்துக்கொள்ளும்போது அவளுக்கு நீட்டவில்லை. மீதியை லேபில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்கள். கதவைச் சாத்திக்கொண்டு, அமில பாட்டில்கள் இருக்கிற ரேக்குக்குப் பின்னால் நின்று நாலு வடை தின்றாள். பசியா? பசி இரண்டு வடையில் போய்விட்டது. மூன்றாவதும் நாலாவதும் எதற்கு என்று அப்போதே அவளுக்கு ஒரு கேள்வி வந்தது, வாய் நிறைய வடையை வைத்துக்கொண்டு எந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்ல முடியும். அன்றிலிருந்து பத்தே முக்காலுக்குப் பிறகு தினமும் ஏதோ ஒன்று. பிஸ்கட், கடலை மிட்டாய், எதிர்க் கடை பருப்புவடை. ராத்திரி எட்டு மணிக்கு மேல் பலாச்சுளை. உடம்பு இரண்டு கிலோ இறங்கி, பிறகு ஒன்றுமே தெரியாத மாதிரி மெல்ல ஏறி வந்தது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் இளைச்சிட்டீங்க என்றார்கள். விரதம் என்று தெரிந்துவிட்டால் கண்ணும் விரதத்தைத்தான் பார்க்கும்.

கோடியில் மதினி அண்ணனின் கால்மாட்டில் குனிந்து போர்வையைச் சரிசெய்தாள். முதுகெலும்பு ஜாக்கெட்டுக்கு வெளியே எண்ணலாம் போல இருந்தது. மதினியை யாரும் விரதம் இருக்கச் சொல்லவில்லை. எனக்காக ஒருத்தி வயித்தைக் காயப்போடுதா, நான் மட்டும் எட்டு மணிக்கு இட்லி திங்கவா என்று அவளாகவே சேர்ந்துகொண்டாள். இட்லிகூட இல்லை, வெந்நீர் மட்டும். டயட்டீஷியன் சொன்னதை அவள் ஒருத்திதான் ஒழுங்காகக் காதில் வாங்கியவள். சரியாகப் பன்னிரண்டு மணிக்குப் போன் வரும். பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டுக்கு மணி அடிக்க மாட்டார்கள், மதினியின் போன்தான் மணி. உலகு, சாப்பிட உட்கார்ந்திட்டியா, நீ முதல்ல வாய் வை, பிறகு நான் வைக்கேன் என்பாள். உலகம்மை வடை ஏப்பத்தை அடக்கிக்கொண்டு, இப்பதான் திறந்தேன் மதினி என்று சொல்லி, டிபன் டப்பா மூடியை ஒரு தட்டுத் தட்டுவாள், கேட்கட்டும் என்று. அந்தப் பக்கம் மதினி ஒரு கவளத்தை விழுங்குகிற சத்தம் போனில் வரும். ஐம்பத்தெட்டு நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறாள். ஒருநாள் பள்ளிக்கூட ஆய்வு என்று போனை எடுக்க இரண்டு மணி ஆகிவிட்டது, மதினி இரண்டு மணி வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தாள், அதைக் குறையாகக்கூடச் சொல்லவில்லை, நீயும் சாப்பிடலியே என்றுதான் வருத்தப்பட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் உலகம்மை போய்ச் சொல்லிவிடுவது என்று கிளம்பி, தெரு முக்கு வரைக்கும் போய், பூ வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாள். சொல்லியிருந்தால் அப்போது ஐந்து வாரம் மிச்சம் இருந்தது. ஐந்து வாரத்தில் என்னவெல்லாம் குறையும். இப்போதுகூடச் சொல்லலாம், இந்த நடைபாதையில் நாற்பது எட்டு நடந்தால் போதும், மதினி, நான் ஒழுங்கா இருக்கலை, என்னைச் செருப்பால அடிங்க, இன்னும் ஒரு மாசம் கேட்டு வாங்குவோம். வாக்கியம் தயாராக இருந்தது. கால்தான் தயாராக இல்லை. பெரிய டாக்டர் ஒரு மாதம் தர மாட்டார், அண்ணன் வயிற்றில் வாரத்துக்கு ஒருமுறை நீர் எடுக்கிறார்கள், கண் எலுமிச்சம்பழத்தோல் நிறத்துக்கு வந்துவிட்டது. இனி சொல்வது யாருக்கு? சொன்னால் அவளுக்கு நெஞ்சு இறங்கும், அவர்களுக்கு அண்ணனும் போய்த் தங்கையும் போன மாதிரி ஆகும். பார், எவ்வளவு நல்லவள், மற்றவர்களுக்காக மறைக்கிறாளாம். அவளுக்கே சிரிப்பு வரும்போல இருந்தது, வரவில்லை.

பயம் என்று ஒரு வார்த்தை இருக்கிறது, அதை இந்த வீட்டில் யாரும் எடுக்கவில்லை. கவுன்சலிங் அறையில் ஒரு அம்மாள் படம் வரைந்து காட்டினாள்: நெஞ்சுக்குக் கீழே நேராக இறங்கி, வலது பக்கம் திரும்பி விலா வரை போகிற வெட்டு. மூன்று மாதத்தில் ஈரல் பழையபடி வளர்ந்துவிடும் என்றாள், பல்லி வால் முளைக்கிற மாதிரி லேசாகச் சொன்னாள். கொடுக்கிறவர்களுக்கு ஆபத்து ரொம்பக் குறைவு, ஆயிரத்தில் இரண்டு மூன்று பேருக்குத்தான் உயிருக்கே கேடு வரும் என்றாள். ஆயிரம் என்றதும் உலகம்மைக்கு அவர்கள் பள்ளிக்கூட மைதானம்தான் வந்தது. காலை ஜெபத்துக்கு நிற்கிற பிள்ளைகள் ஆயிரத்துச் சொச்சம், வெள்ளை ரிப்பன் கட்டிய ஆயிரம் தலை. அதில் இரண்டு தலை இல்லாமல் போகிறது. எந்த வரிசையில், எந்த இடத்தில்? அவள் எட்டாம் வரிசையில் நின்று பார்த்தாள், கடைசி வரிசையில் நின்று பார்த்தாள், எங்கே நின்றாலும் பக்கத்துப் பிள்ளை அவளையே திரும்பிப் பார்த்தது. அன்றைக்கு ராத்திரி ஒருவேளை தாணு ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவனோடு சண்டை போட்டு, என் அண்ணன்லா என்று கத்தி, அந்தக் கோபத்திலேயே பதினாறு மணி நேரம் என்ன, முப்பது மணி நேரம்கூடக் கிடந்திருப்பாள். அவனைத் தனியாகக் கூப்பிட்டும் அந்த அம்மாள் கேட்டாள், உங்களுக்குச் சம்மதமா என்று. அவ இஷ்டம் என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தான். அவன் சொல்லாத ‘வேண்டாம்’ எல்லாம் காபியில் வந்தது. வாரம் ஏற ஏறச் சீனி ஏறியது. முதலில் கை தவறிவிட்டது என்று நினைத்தாள். ஆனி பிறந்த பிறகு அது காபியாகவே இல்லை, பாயசமாக இருந்தது. கட்டில் பக்கத்துத் தையல் மிஷின் மேல் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பான், அவள் கடைசிச் சொட்டு வரை குடித்து டம்ளரைக் கொடுத்தால்தான் போவான். இனிப்பு கூடிப்போச்சு என்று அவள் ஒருநாளும் சொல்லவில்லை. கூடிப்போச்சா என்று அவனும் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் இவ்வளவு நெருக்கமாக அவர்கள் எதையும் சேர்ந்து செய்ததில்லை. பிள்ளை பெற்றதுகூட இதற்கு அடுத்தபடிதான்.

அண்ணனுக்கு நேர் எதிரே ஒரு குழந்தை பந்தை உருட்டியது, அது சக்கர நாற்காலியில் முட்டி நின்றது, அவன் எடுத்துப் போட முடியாமல் காலால் மெல்லத் தள்ளினான். அந்தத் தள்ளலில் பழைய நாதன் தெரிந்தான். அவளுக்கு ஒன்பது வயதில் மஞ்சள் காமாலை வந்தது, நாற்பது நாள் உப்பில்லாப் பத்தியம். பதின்மூன்று வயது நாதன் நானும் உப்பில்லாமத்தான் திம்பேன் என்று தட்டைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அம்மா அடித்துப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் மற்ற பையன்கள் உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டு மாங்காய் தின்னும்போது சும்மா நின்றிருக்கிறான், கூடப் படித்தவன் பிறகு சொல்லித்தான் தெரியும். நாற்பது நாள் முழுசாக. யாரும் பார்க்காத இடத்திலும். உலகம்மைக்கு அந்த ஞாபகம் இப்போது வேண்டியிருக்கவில்லை. வேறு எதையாவது நினைக்கலாம். அவன் ஒருதடவை அவளை அறைந்தது, சொத்தையாக மாப்பிள்ளை பார்த்தது, கல்யாணமான புதிதில் ஒரு தீபாவளிக்கு எட்டிப் பார்க்காதது, தேடித் தேடி எடுத்து வைத்தாள். ஒன்றும் நிற்கவில்லை. உப்பில்லாத கஞ்சியை அவன் உறிஞ்சிக் குடிக்கிற சத்தம்தான் நின்றது. நான் சாக வேண்டாம் என்று நினைப்பது தப்பா? தப்பில்லை. அதை வாயால் சொல்லியிருந்தால் தப்பில்லை. எனக்குப் பயமா இருக்கு, முடியாது என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் மதினி அழுதிருப்பாள், ஊர் நாலு வார்த்தை பேசியிருக்கும், அவர்கள் சித்தப்பா மகன், அத்தை மகன் என்று வேறு ஆளைத் தேடியிருப்பார்கள், இரண்டு மாதம் வீணாகியிருக்காது. அவள் சம்மதமும் சொன்னாள், வடையும் தின்றாள். அந்த இரண்டு மாதத்தையும் சேர்த்துத் தின்றாள். கோப்பையில் காபி ஆடை கட்டிவிட்டது. யாரும் பார்க்கவில்லை. அவள் அதைத் தொடவில்லை, இப்போது தொடாமல் இருந்து என்ன.

பதினொன்று நாற்பதுக்கு டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். தாணு எங்கிருந்தோ வந்து சேர்ந்தான். மதினி சக்கர நாற்காலியை உள்ளே தள்ளினாள், உலகம்மை கதவைப் பிடித்துக்கொண்டாள், அந்த ஒரு வேலையாவது செய்ய முடிந்தது. பெரிய டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன், கெட்ட சேதி சொல்வதற்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றுகிறவர். கழற்றினார். பத்தொன்பது சதவீதம் இருக்கிறது, எட்டு வாரத்தில் மூன்றுதான் இறங்கியிருக்கிறது, எடையும் ஒன்றரை கிலோதான் குறைந்திருக்கிறது, இந்த ஈரலை எடுத்தால் உங்களுக்கும் ஆபத்து, வைத்தாலும் அவருக்குச் சரியாக வேலை செய்யாது என்றார். இன்னும் காத்திருக்க அவர் உடம்பில் இடமில்லை என்றார். பிறகு அவளைப் பார்த்து, கோபமே இல்லாமல், மருந்து ஒத்துக்கொண்டதா என்று கேட்கிற மாதிரிக் கேட்டார், "சொன்னபடி சரியா இருந்தீங்களாம்மா?" இதுதான் அந்த இடம் என்று உலகம்மைக்குத் தெரிந்தது. வாயைத் திறக்க நினைத்தாள், திறக்கவும் செய்தாள், தாணு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான், செருப்பில் அவன் பெருவிரல் மட்டும் மேலும் கீழும் அசைந்தது. அவள் நாக்கு மேலண்ணத்தை விட்டு வருவதற்குள் மதினி பேசிவிட்டாள். "டாக்டர், அவளைக் கேக்காதீங்க. அம்பத்தெட்டு நாள் ஒருநாள் தவறாம பன்னெண்டு மணிக்குத்தான் வாய் வச்சா. நான் தினமும் போன்ல கேட்டேன், நான் சாட்சி." மதினிக்குக் கோபம்கூட வந்திருந்தது, அவள் நாத்தனாரைச் சந்தேகப்பட்டுவிட்டார்களே என்று. டாக்டர் கையைக் காட்டினார், சந்தேகம் இல்லையம்மா, சில உடம்பு அப்படி, என்ன பட்டினி போட்டாலும் இறங்காது, அது யார் குற்றமும் இல்லை என்றார். இறந்தவர்களிடமிருந்து எடுத்துக் கொடுக்கிற வரிசையில் பேர் இருக்கிறது, அது வரைக்கும் பார்ப்போம் என்றார். பார்ப்போம் என்று சொல்லும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை. யார் குற்றமும் இல்லை. உலகம்மை வாயை மூடிக்கொண்டாள். மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, மருந்துச் சீட்டு வாங்க வேண்டும் என்று டாக்டரிடம் ஏதோ கேட்டாள், தாணு கதவைத் திறந்துவிட்டான், உலகம்மை சக்கர நாற்காலியைத் தானாகவே பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு வந்தாள், அது இவ்வளவு லேசாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

நடைபாதையில் ஜன்னல் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினாள். அவளுக்கு அழுகை வந்தது. வரும் என்று தெரியும், ஆனால் இவ்வளவு வரும் என்று தெரியாது, தோள் குலுங்கியது, போகிற வருகிறவர்கள் ஒதுங்கிப் போனார்கள். அந்த அழுகைக்கு உள்ளே, நடுவில், ஈரல் இருக்கிற பக்கத்தில், ஒன்று மட்டும் அழாமல் உட்கார்ந்திருந்தது. தப்பித்தேன் என்றது. அப்படி வெட்டவெளிச்சமாகச் சொல்லாதே என்று அதன் வாயைப் பொத்தப் பார்த்தாள், அது மறுபடியும் சொன்னது, வெட்டு இல்லை, மைதானம் இல்லை, நாளைக்குப் பள்ளிக்கூடம் போகலாம். அண்ணன் தலையைத் திருப்ப முடியாமல், கையைப் பின்னால் நீட்டி அவள் கையைத் தேடினான். அவள் முன்னால் வந்து குனிந்தாள். அவன் கை வெதுவெதுவென்று காகிதம் மாதிரி இருந்தது. மஞ்சள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, அவளைச் சமாதானம் செய்கிற வேலை இருந்ததால் அழுகையைத் தள்ளி வைத்திருந்தான். "அழாதளா. நீ என்ன செய்வ. உன் உடம்பு இறங்கலைன்னா அதுக்கு நீயா பொறுப்பு?" என்றான். இரண்டு மூச்சு வாங்கிக்கொண்டான். அவன் பேசாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று அவள் நினைத்தாள். மதினியிடம் போனில் சொன்னதெல்லாம் சொன்னதுதான், ஆனால் அவனிடம் அவள் இதுவரை ஒன்றும் சொன்னதில்லை. அவன் கேட்டதும் இல்லை. அந்த இடம் ஒன்று மட்டும் கறைபடாமல் மிச்சம் இருக்கிறது என்று அவள் இவ்வளவு நேரம் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. அவன் அவள் முகத்தைப் பார்த்தான். சின்னப் பிள்ளையிடம் கேட்கிற மாதிரி, குரலைத் தாழ்த்திக் கேட்டான். "ரெண்டு மாசமும் ரொம்பப் பசிச்சிருக்கும்லா, உலகு?"

"ஆமாண்ணே" என்றாள்.